250 மீட்டரில் விரியாத செம்புக் குண்டு: 150 கிரெய்னா, 130 கிரெய்னா?

துப்பாக்கி .308 வின்செஸ்டர், போல்ட் ஆக்‌ஷன், குழல் 16 அங்குலம். தோட்டா 180 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) முழுச் செம்புக் குண்டு. ஈயத்துக்குத் தடை உள்ள வேட்டைப் பகுதி, அதனால் சாஃப்ட் பாயின்ட்டுக்கு (முனையில் ஈயம் தெரியும், எளிதில் விரியும் குண்டு) மாற வழியில்லை.

50 மீட்டரில் தண்ணீர் கேன்களில் சுட்டால் முனை நன்றாக மலர்ந்து கிட்டத்தட்ட 15 மி.மீ. ஆகிறது. 250 மீட்டரில் 9 மி.மீ. கூடத் தாண்டவில்லை, முனை லேசாகப் பிளந்ததோடு சரி. இப்படி ஊசி போலத் துளைத்துப் போனால் ஃபுல் மெட்டல் ஜாக்கெட்டுக்கும் (முனை வரை உலோக உறை மூடிய, விரியாத குண்டு) இதற்கும் என்ன வித்தியாசம்? மான் உடனே விழாமல் வெகுதூரம் ஓடி வதைபட்டுச் சாகும். விரியும் குண்டு கட்டாயம் என்ற விதியே அதைத் தடுக்கத்தான். (போரில் நேர் எதிர்: 1899 ஹேக் பிரகடனம் விரியும் குண்டைத் தடை செய்தது.)

இரண்டு வாரமாகப் பார்த்தவை: வேறு லாட் தோட்டா, அதே விளைவு. மீட்ட குண்டின் எடை குறையவே இல்லை. குரோனோகிராஃபில் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) குழல்வாய் வேகம் வினாடிக்கு 2,400 அடி. கணக்குப்படி 250 மீட்டரில் 1,900 அடிக்குப் பக்கம்தான் வருகிறது. செம்பு ஒழுங்காக விரிய ஏறக்குறைய 2,000 வேண்டும். குட்டைக் குழலில் கனமான குண்டு, சிக்கல் அங்கேதான் என்று தோன்றுகிறது. நெருங்கிச் சுடலாம்தான், ஆனால் அது திறந்த வெளி, மறைவே கிடையாது.

அதனால் இலேசான செம்புக் குண்டுக்கு மாறப் பார்க்கிறேன். 150 கிரெய்னில் அந்தத் தூரத்து வேகம் 2,000-ஐ ஒட்டியே நிற்கும். 130 தாராளமாகத் தாண்டும். இதே அளவுக் குழலில் 130 கிரெய்ன் செம்பு பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்: பெரிய மானின் தோள் எலும்பை உடைத்து நுரையீரல் வரை போகிறதா?