காலிபரேஷனுக்கு ‘அளவுத்திருத்தம்’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மதுரை ஐயா சென்ற மடலில் எழுதியது:

> கான்ஃபோக்கல்: இணைகுவிய நுண்ணோக்கி. டிரிஃப்ட்: விலகல். காலிபரேஷன்: அளவுத்திருத்தம். புழங்கும் சொற்கள் இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஐயா மன்னிக்க வேண்டும், மூன்றுமே எனக்கு இடறுகின்றன. நான் கிருஷ்ணகிரிக்காரன். பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் இந்தக் கான்ஃபோக்கல் நுண்ணோக்கியைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு.

முதல் சொல்லுக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. ஒளியியலில் இணைக்கற்றை என்றால் ஒன்றையொன்று சந்திக்காத கதிர்கள். அமெரிக்க விஞ்ஞானி மார்வின் மின்ஸ்கி 1957-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பின் சூட்சுமமோ, மாதிரிக்குள் ஒளி குவியும் புள்ளியும் உணரிக்கு முன்னால் உள்ள ஊசித்துளையும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்பது. உடன்பாடு, உடன்பிறப்பு போல ‘உடன்குவிய நுண்ணோக்கி’ என்று வைத்துக்கொள்ளலாம்.

விலகல் என்ற சொல்லை ஒளிவிலகல் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. டிரிஃப்ட் என்ன செய்யும் என்பதைப் போன சித்திரையில் பார்த்தேன். இரவு முழுவதும் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும்படி அமைத்துவிட்டு வந்தேன். யாரோ மின்சாரம் மிச்சம் பிடிக்க ஏசியை அணைத்துவிட்டார்கள். காலையில் ஓட்டிப் பார்த்தால், இரவு எட்டு மணிவரை பளிச்சென்றிருந்த செல்கள் ஒன்பதுக்கு மங்கி, பத்தரைக்கு வெறும் கறுப்பு. செல்கள் சாகவில்லை. குவியத்தை நுட்பமாக மாற்றும் நுண்குமிழை நாலைந்து கோடு திருப்பியதும் அப்படியே வந்து நின்றன. 10 செ.மீ. அலுமினியம் ஒரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு 2.3 மைக்ரான் நீளும். நாங்கள் பார்க்கும் ஒளித்தளமோ, அதாவது ஒரு படத்தில் தெளிவாகத் தெரியும் அடுக்கோ, பல சமயம் ஒரு மைக்ரான் தடிமன்கூட இருக்காது. யாரும் தொடாமல், சத்தமில்லாமல் குவியம் கையைவிட்டுப் போகிறது. அதனால் ‘குவிய நழுவல்’.

இனி காலிபரேஷன். என் சண்டை முழுக்க இதில்தான். அப்பாவுக்கு மாங்காய் மண்டியில் தராசு உண்டு. ஆண்டுக்கொரு முறை முத்திரை ஆய்வாளர் வருவார். 20 கிலோ படிக்கல்லை வைப்பார், காட்டும் எண்ணைப் பார்ப்பார், எழுதிக்கொள்வார். தராசைத் தொட்டுத் திருத்துவது அவர் வேலையே இல்லை. பிழை இருந்தால் பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டும். ஒப்பிடுவது ஒருவர், திருத்துவது வேறொருவர். சர்வதேச அளவியல் சொற்களஞ்சியமும் காலிபரேஷனை அட்ஜஸ்ட்மென்டோடு குழப்பாதீர்கள் என்றுதான் சொல்கிறது. நாமோ இரண்டையும் ‘திருத்தம்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டோம்.

நுண்ணோக்கியிலும் அப்படித்தான். ஒரு மில்லிமீட்டரை நூறு கோடாகப் பிரித்த கண்ணாடி அளவியை வைத்துப் படமெடுக்கிறேன். இரண்டு கோடுகளுக்கு இடையே 10 மைக்ரான் இருக்க வேண்டும்; திரையில் 10.2 என்று வந்தால் அதைக் குறித்துக்கொள்கிறேன். லேசரை ஒரு மணி நேரம் சூடேற விட்டு, பொருளருகு வில்லைக்கு வெளியே வரும் திறனை மானியால் அளந்து, போன மாத எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுகிறேன். இதுவரை எதையும் திருத்தவில்லை, ஆனால் காலிபரேஷன் வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே இதற்கு ‘அளவொப்பு’, அட்ஜஸ்ட்மென்டுக்குச் ‘சீரமைவு’.

கிருஷ்ணகிரியிலிருந்து

* * *

தம்பி,

உடன்குவியத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உங்கள் தராசு எடுத்துக்காட்டு காலை வாருகிறதே! முத்திரை ஆய்வாளர், பிழை அனுமதித்த எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துகிறார். அது சரிபார்ப்பு. எவ்வளவு பிழை, அந்த எண்ணையே எவ்வளவு நம்பலாம் என்று சொன்னால்தான் காலிபரேஷன். மேலும் நழுவல் என்றதும் வழுக்கி விழுவது நினைவுக்கு வருகிறது. ‘நகர்வு’ போதாதா?

மதுரையிலிருந்து

* * *

ஐயா,

தராசு விஷயத்தில் மாட்டிக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். அப்பாவிடம் சொன்னபோது, “முத்திரை விழுந்தால் சரி, பெயர் எதுவானால் என்ன” என்றார். ஆனாலும் ஒப்பிடுவதும் திருத்துவதும் வேறு என்ற அளவில் என் கட்சி நிற்கிறது. எண்ணின் ஐயப்பாட்டையும் சேர்த்து எழுதும்போதுதான் அது அளவொப்பு என்று விளக்கத்தில் சேர்த்துவிடுகிறேன்.

‘நகர்வு’ எனக்கு ஒட்டவில்லை. அரசியல் செய்தியில் ‘அடுத்தகட்ட நகர்வு’ என்று படித்துப் படித்து, யாரோ திட்டம்போட்டுக் காய் நகர்த்துவதுபோலவே கேட்கிறது. இடுப்பிலிருந்து வேட்டி நழுவுவது மெதுவாகத்தான், ஐயா; கட்டியவனுக்குக் கடைசியில்தான் தெரியும்.

ஆய்வகக் குறிப்பேட்டின் தமிழ்ப் பக்கத்தில் இரண்டு வாரமாக இந்தச் சொற்களைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன். நேற்று ஒரு தருமபுரி மாணவி ‘நழுவல் 0.8 மைக்ரான், 3 மணி நேரம், ஏசி ஓடுகிறது’ என்று எழுதிவைத்துப் போயிருந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து