ரீ.எஸ்.எச். அதிகம், பெரிற்றின் குறைவு: எதை முதலில் கவனிப்பது?

கேள்வி (புதுக்குடியிருப்பு):
எனக்கு வயது 34. ஓயாத களைப்பும் முடி உதிர்வும் இருந்ததால் குருதிப் பரிசோதனை செய்தேன். ரீ.எஸ்.எச். (தைரொயிட் சுரப்பியைத் தூண்டும் சுரப்பு) 6.2, பெரிற்றின் 9, ஹீமோகுளோபின் 12.3, ரீ4 (தைரொயிட் சுரப்பி சுரக்கும் சுரப்பு) வழமையான அளவில் உள்ளது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கையில் இரும்புச்சத்துக் குறைவு என்பது எப்படி? தைரொயிட் குளிசையை உடனே தொடங்க வேண்டுமா?

பதில் 1 (கிளிநொச்சி):
தங்கச்சி, பெரிற்றின் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது. நெற்பட்டறை வெறுமையான பின்பும் சில நாள் உலை கொதிப்பதைப் போல, சேமிப்புத் தீர்ந்த பின்னரே ஹீமோகுளோபின் குறையத் தொடங்கும். வளர்ந்தோருக்குப் பெரிற்றின் 15இற்குக் கீழே சென்றால் அது குறைபாடுதான். காய்ச்சல், அழற்சி உள்ள வேளையில் பெரிற்றின் பொய்யாக உயர்ந்து நிற்கும் என்பதால், குறைந்த அளவையே கூடுதலாக நம்பலாம். மாதவிடாய்ப் போக்கு அதிகமா என்பதையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நம்மவர்கள் பெரும்பாலும் விழுங்கிவிடும் விடயம் அது.

பதில் 2 (வவுனியா):
ரீ4 வழமையாக இருக்க ரீ.எஸ்.எச். மட்டும் 10இற்குக் கீழே சற்று உயர்ந்திருந்தால், பொதுவாக இரண்டு மூன்று மாதங்களில் மறுபடி பரிசோதித்து, தைரொயிட் எதிர்ப்பொருளையும் (உடலே தன் தைரொயிட்டுக்கு எதிராக உண்டாக்கும் பொருள்) பார்த்த பின்பே முடிவெடுப்பார்கள். கர்ப்பமாக இருந்தாலோ அதற்கு எண்ணியிருந்தாலோ காத்திருக்காமல் உடனே வைத்தியரிடம் கூறுங்கள். தைரொயிட் சுரப்பை உண்டாக்கும் நொதியத்திற்கும் இரும்பு தேவை என்பதால், இரண்டும் முற்றிலும் வேறு வேறு சங்கதிகள் அல்ல.

பதில் 3 (மாங்குளம்):
தைரொயிட் குளிசை, இரும்புக் குளிசை இரண்டும் எழுதப்பட்டால் இடையே நான்கு மணித்தியாலம் விடுங்கள். இரும்புக் குளிசையோடு தேநீர் வேண்டாம். தேசிக்காய்த் தண்ணீர் நல்லது.