கால்பந்து அகாடமி வேண்டாமென்று அனுப்பிவிட்ட மகனுக்கு அடுத்து என்ன?

வணக்கம். லண்டனில் இருக்கிறோம். என் மகனுக்கு 13 வயது. ஒரு தொழில்முறை கால்பந்து கிளப்பின் அகாடமியில், அதாவது சிறுவர் பயிற்சி அணியில், ஐந்து வருடம் ஆடினான். போன வாரம் எங்களைக் கூப்பிட்டு, அடுத்த சீசனுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டம் நன்றாக இருக்கிறதாம், உடம்புதான் போதாதாம். பத்தே நிமிடத்தில் பேச்சு முடிந்தது.

அவன் ஆகஸ்ட் கடைசியில் பிறந்தவன். இங்கிலாந்தில் வயதுப் பிரிவு செப்டம்பர் 1இல் தொடங்குகிறது. அதனால் தன்னைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்த பையன்களோடுதான் எப்போதும் ஆடினான். மீசை அரும்பியவர்கள் தோளால் இடித்தால் நாலடி தள்ளிப்போய் விழுவான். உடனே எழுந்து மறுபடி பந்தைக் கேட்பான். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பின்னால் இங்கிலாந்து அணிக்கே ஆடிய ஹாரி கேனைச் சிறுவயதில் ஆர்சனல் கிளப் கழற்றிவிட்டதையும், அதேபோல ஜேமி வார்டியை 16 வயதில் ஷெஃபீல்டு வெட்னஸ்டே கிளப் கழற்றிவிட்டதையும் சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை. பூட்ஸ் சேறு காய்ந்தபடி கார் டிக்கியிலேயே கிடக்கிறது.

பிறந்த தேதியைப் பார்க்காமல் உடல் வளர்ச்சியைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து ஆடவிடும் முறை சில அகாடமிகளில் உண்டு. உங்கள் பிள்ளைகள் யாராவது அப்படி ஆடியிருக்கிறார்களா? வேறு கிளப்பில் உடனே டிரயலுக்கு அனுப்பலாமா, இல்லை ஒரு வருடம் உள்ளூர் அணியில் நிம்மதியாக ஆடவிடலாமா? அப்புறம், பார்ன்ஸ்லி கிளப்புக்கு ஆடும் நம் விமல் யோகநாதன் போல இந்த வழியில் போன தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர் இங்கே இருந்தால், தயவுசெய்து எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.