வார்டு எல்லை எங்கள் வீட்டுக்கு நடுவே போன கதை (உங்கள் ஊர்க் கதையையும் எழுதுங்கள்)

எங்கள் அப்பா 2006-லிருந்து 2011 வரை ஒரு மஞ்சள் பையில் ஊராட்சியின் செக் புத்தகத்தை வைத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு மேற்கிலிருந்து கிழக்குக்கும், கிழக்கிலிருந்து மேற்குக்கும் நடந்துகொண்டே இருந்தார். அவருக்கு எந்தப் பதவியும் கிடையாது. அவருடைய அண்ணன், அதாவது என் பெரியப்பா, ஊராட்சித் தலைவர். தம்பி பொண்டாட்டி, அதாவது என் சித்தி, துணைத் தலைவர். ஊராட்சியில் பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

சண்டை எப்படி வந்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். தாத்தா நிலத்தை மனை போட்டு விற்றபோது மூலை மனை யாருக்கு என்பதில் ஆரம்பித்தது என்பார் அப்பா. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை என்பார் சித்தப்பா. எதுவாக இருந்தாலும் 2006 தேர்தலில் பெரியப்பாவும் சித்தப்பாவும் நேருக்கு நேர் நின்றார்கள். கிராம ஊராட்சியில் கட்சிச் சின்னம் கிடையாது என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். ஒருவருக்குப் பூட்டு சாவி, ஒருவருக்கு ஆட்டோ. இருவருமே ஒரே கட்சிக்காரர்கள்தான், அதனால் கட்சி என்ற பேச்சே எழவில்லை, ஊரே இரண்டு வீடாகப் பிரிந்து ஓட்டுப் போட்டது. பெரியப்பா ஜெயித்தார். ஆனால் வார்டு உறுப்பினர்களில் சித்தப்பா பக்கத்து ஆட்கள் அதிகம், அவர்கள் சேர்ந்து சித்தியைத் துணைத் தலைவர் ஆக்கிவிட்டார்கள்.

ஒரு கோடையில் மேற்குத் தெரு போர் மோட்டார் எரிந்துபோனது. அதைச் சரிசெய்யும் பணத்துக்குச் சித்தி கையெழுத்துப் போடவில்லை. கிழக்குத் தெருவுக்குக் குழாய் நீட்டித் தந்தால்தான் போடுவேன் என்றார். நான்கு நாள் குடத்தோடு அலைந்தோம். அம்மா இரண்டு வீட்டையும் திட்டித் தீர்த்தாள். ஐந்தாம் நாள் அப்பா மஞ்சள் பையோடு போய் சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கையெழுத்து வாங்காமல் எழமாட்டேன் என்று இருந்துவிட்டார். கடைசியில் மோட்டாரும் சரியானது, கிழக்குத் தெருவுக்குக் குழாயும் வந்தது. இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், அந்தச் சண்டை எங்களுக்குக் கேடு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நடந்ததைப் பார்த்தபின் அந்த எண்ணம் மாறிவிட்டது.

2011-ல் சென்னை மாநகராட்சியோடு 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என்று மொத்தம் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்தார்கள். 155 வார்டாக இருந்தது 200 ஆனது. 174 சதுர கிலோமீட்டர் 426 ஆனது. அந்த 25-ல் ஒன்று எங்கள் ஊர். தலைவர், துணைத் தலைவர், ஊராட்சி அலுவலகம் எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போய்விட்டன. எங்கள் ஊரும் பக்கத்து ஊர்களும் சேர்ந்து ஒரே வார்டு. ஊராட்சி வார்டில் சில நூறு ஓட்டுதான், இங்கே சராசரியாக ஒரு வார்டுக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல். கட்சிச் சின்னமும் வந்துவிட்டது. பெரியப்பாவுக்குச் சீட்டு கிடைக்கவில்லை, சுயேச்சையாக நின்றார். அவர் நின்றுவிட்டாரே என்பதற்காகச் சித்தப்பாவும் நின்றார். இரண்டு பேரும் தோற்றார்கள். ஜெயித்தவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை. நல்ல மனிதர்தான், ஆனால் போர் மோட்டார் எந்த மூலையில் இருக்கிறது என்று அவருக்கு நாங்கள்தான் கூட்டிப்போய்க் காட்டவேண்டியிருந்தது.

2016-ல் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. உடனே பெரியப்பா தன் மருமகளை (எனக்கு அண்ணி) நிறுத்தினார், சித்தப்பா தன் மருமகளை நிறுத்தினார். இரண்டு போஸ்டரிலும் பெண்களின் படத்தைவிட மாமனார்களின் படம் பெரிதாக இருந்தது, அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அண்ணி நன்றாகப் படித்தவர், தெருத் தெருவாகப் போய்ப் பேசக் கூடியவர். அக்டோபர் 17, 19 என்று தேர்தல் தேதி. மனு தாக்கல் செய்த கையோடு, அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பையே ரத்து செய்துவிட்டது. பழங்குடியினர் இட ஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கு அது. அந்த மாதமே பழைய கவுன்சிலர்களின் பதவிக்காலமும் முடிந்தது.

அதன்பிறகு ஐந்து வருடத்துக்கும் மேல் யாருமே இல்லை. அரசு நியமித்த தனி அலுவலர்தான். அதே 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் மரங்கள் விழுந்து கரண்ட் இல்லாமல் கிடந்தோம், யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்கு இரவு முழுக்க விழித்திருந்தோம், அப்போதும் யாரும் இல்லை. ஒருநாள் இரவு லாரிக்காகக் காத்திருக்கும்போது அப்பா சொன்னார், "உங்க சித்தி கையெழுத்துப் போடலைன்னு நான் திண்ணையில போய் உட்கார்ந்தேன். இப்ப எந்தத் திண்ணையில போய் உட்கார்றது?" அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. பங்காளிச் சண்டையாவது இருந்தால் இரண்டு பக்கமும் நம்மிடம் வந்து நிற்கும். யாருமே இல்லாதது அதைவிட மோசம். இதைத்தான் இங்கே எழுத நினைத்தேன்.

2022 கதையை அப்புறம் எழுதுகிறேன். உங்கள் ஊரில் எல்லை மாறியபோது என்ன ஆனது?

பதில் (கோவை, குறிச்சி பக்கம்)

எங்கள் குறிச்சியும் 2011 வரை தனி நகராட்சி. குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளோடு சேர்த்து மாநகராட்சிக்குள் கொண்டுவந்து 72 வார்டை 100 ஆக்கினார்கள். நான் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே வார்டில் வந்தன. அதற்கு முன்னால் வேறு வேறு வார்டு, அதனால் சிக்கல் இல்லை. அந்தத் தேர்தலில் எங்கள் அப்பச்சி வீட்டு ஆள் ஒருவர், என் மாமனாரின் பங்காளி ஒருவர், இரண்டு பேரும் களத்தில். என் வீட்டுக்காரர் எதுவும் சொல்லவில்லை. மாமியார்தான் நேராகக் கேட்டார், "கண்ணு, உன்ற ஓட்டு எங்க?" என்று. யாரிடமும் சொல்லமாட்டேன் அத்தை என்று சொல்லிவிட்டேன். மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று வரைக்கும் நான் யாருக்குப் போட்டேன் என்று இரண்டு வீட்டுக்கும் தெரியாது. அது என் வாழ்க்கையில் நானே எடுத்த முதல் முடிவு என்றுகூடச் சொல்வேன்.

நகராட்சி போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் முதலில் எழுதியவர் சொல்வதுபோல் குடும்பச் சண்டையால் நன்மை வந்தது என்பதை என்னால் முழுக்க ஏற்க முடியவில்லை. அந்த நான்கு நாள் குடம் தூக்கியது உங்கள் அம்மாதானே.

பதில் (தேர்தல் பணிக்குப் போன ஆசிரியை)

நான் 2022 பிப்ரவரி 19 அன்று சென்னையில் வாக்குச்சாவடியில் இருந்தேன். காலை ஏழரை மணி இருக்கும், ஒரு பாட்டி மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாற்பது வருடமாக இந்தப் பள்ளியில்தான் ஓட்டுப் போடுகிறாராம். பட்டியலில் மகன் பெயர் இருக்கிறது, பாட்டி பெயர் இல்லை. வார்டு மறுவரையறையில் தெருவின் ஒரு பக்கம் வேறு வார்டுக்குப் போய்விட்டது. பாட்டி இருப்பது இளைய மகன் வீட்டில், அது எதிர்ப்பக்கம். எந்தப் பள்ளி என்று தேடிச் சொன்னேன். "என் புள்ளையும் நானும் வேற வேற ஊரா இப்ப?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. போனாரா, போட்டாரா தெரியாது. சென்னையில் அன்று 43 சதவீதத்தைச் சுற்றித்தான் வாக்குப்பதிவு. எல்லோரும் மக்களுக்கு அக்கறை இல்லை என்று எழுதினார்கள். என் மேசைக்கு முன்னால் நின்று, பெயர் இல்லாமல் திரும்பிப் போனவர்களின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. புது வார்டு எண்ணையும் சாவடியையும் வீட்டுக்கு வீடு போய் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

பதில் (தாம்பரம்)

சுருக்கமாக எழுதுகிறேன். 2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று 5 நகராட்சியும் 5 பேரூராட்சியும் சேர்ந்து மாநகராட்சி ஆனது, 70 வார்டு. எங்கள் அம்மா நின்றார். எதிரில் அம்மாவின் சொந்தத் தம்பி மனைவி. என் மாமா ஓட்டுக் கேட்க எங்கள் வாசலுக்கே வந்தார், அம்மா மோர் கொடுத்து அனுப்பினார். இருவரும் தோற்றார்கள். ஆனால் பிரசாரத்துக்குப் போன இரண்டு வாரத்தில் அம்மா எந்தெந்தத் தெருவில் மழைநீர் நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தார். தோற்றபின் அந்த நோட்டை ஜெயித்தவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மீண்டும் நான்

குறிச்சிக்காரர் எழுதியது சுருக்கென்று தைத்தது. உண்மைதான், குடம் தூக்கியது அம்மா. அதை நான் ஒரே வரியில் கடந்துவிட்டேன், அப்படி எழுதியிருக்கக் கூடாது.

சரி, 2022. மறுவரையறையில் எங்கள் மெயின் ரோடே எல்லை ஆகிவிட்டது. மேற்கே பெரியப்பா வீடும் எங்கள் வீடும் ஒரு வார்டு, கிழக்கே சித்தப்பா வீடு இன்னொரு வார்டு. இரண்டு வீடும் இனி மோதிக்கொள்ள வழியே இல்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆனால் பெண்களுக்கு என்று ஒதுக்கியது கிழக்கு வார்டு. அண்ணி அங்கே நிற்க ஆசைப்பட்டார். மாநகராட்சிக்குள் எந்த வார்டில் ஓட்டு இருந்தாலும் வேறொரு வார்டில் நிற்கலாம், ஆனால் முன்மொழிபவர் நிற்கிற வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். கிழக்கில் எங்களுக்கு வேண்டியவர்கள் என்றால் எல்லோரும் சித்தப்பாவின் ஆட்கள்.

அண்ணி யாரையும் தூது அனுப்பவில்லை. பெரியப்பாவிடம்கூடச் சொல்லாமல் தானே மெயின் ரோட்டைக் கடந்து போனார். நான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன், உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றேன். சித்தப்பா ரொம்ப நேரம் அண்ணி நீட்டிய வேட்புமனுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க மாமனாருக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது மாமா என்றார் அண்ணி. "எந்தக் கட்சி?" சுயேச்சை என்றார். அப்போது சித்திதான் உள்ளேயிருந்து வந்து, "குடுங்க, நான் போடறேன், எனக்குக் கையெழுத்துப் போட்டுப் பழக்கம்தானே" என்று பேனாவை வாங்கினார்.

அண்ணி தோற்றார். போஸ்டரில் அண்ணியின் படம் மட்டும்தான் இருந்தது. பெரியப்பா விஷயம் தெரிந்து ஒரு வாரம் சாப்பாட்டுக்கு உட்காராமல் கோபித்துக்கொண்டிருந்தார், பிறகு ஓட்டு எண்ணிய அன்று அவரே கிழக்குத் தெரு டீக்கடையில் போய் உட்கார்ந்திருந்தார். சித்தப்பாவும் அங்கேதான் இருந்தார். பேசிக்கொண்டார்களா என்று அப்பாவிடம் கேட்டேன். பேசவில்லையாம், ஆனால் டீக்குச் சித்தப்பா காசு கொடுத்தாராம்.

இந்தக் கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அண்ணி இப்போதே இரண்டு பக்கத் தெருக்களின் வாக்காளர் பட்டியலையும் எடுத்து வைத்துக்கொண்டு, யார் பெயர் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று வீடு வீடாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். அப்பாவின் அந்த மஞ்சள் பை இப்போது அவரிடம்தான் இருக்கிறது.