ஃபேனை ரெண்டில் வைத்தால் கரண்ட் மிச்சமாகுமா?

மண்டபம்_வாடை:
100 யூனிட் இலவசம் போகவும் இந்தத் தடவை பில் எகிறிருச்சு. அம்மா ராத்திரி ஃபேனை ரெண்டுக்குக் குறைக்கிறாங்க. அப்பா எந்திரிச்சு "எதுல வச்சாலும் ஒரே கரண்ட்தான்"னு அஞ்சுக்குத் திருப்புறார். யார் சொல்றது சரி?

கீழக்கரை_காக்கா:
வாப்பா சொல்றதுதான் சரி தம்பி. மிச்சத்தை ரெகுலேட்டர் தின்னுடும். எங்க வீட்டுல தொட்டாலே சுடுது.

தொண்டி_வயர்மேன்:
காக்கா, உங்க வீட்டுல இருக்கிறது பழைய டப்பா ரெகுலேட்டர். மோட்டாருக்குப் போகாத கரண்ட்ல பெரும்பங்கு அதுலயே சூடாப் போயிரும். அப்பவும் பில் கொஞ்சம் குறையும், ரொம்ப இல்ல. சுவிட்ச் போர்டுலயே இருக்கிற கண்டென்சர் வகைன்னா சுடாது, நல்லாவே மிச்சமாகும். பாதி வேகத்துல காத்தைத் தள்ள எட்டுல ஒரு பங்கு சக்தி போதும். ஆனா மோட்டாரும் கொஞ்சம் சூடாகித் தின்னுறதால மீட்டர்ல அந்த அளவுக்குக் குறையாது.

கீழக்கரை_காக்கா:
கணக்கு இருக்கட்டும். மே மாசப் புழுக்கத்துல ரெண்டுல வச்சுத் தூங்கிப் பார்த்திருக்கீங்களா?

பாம்பன்_பொண்ணு:
இதுல காக்கா கட்சி நான். ஃபேன் ரூமைக் குளிர வைக்காது, நம்ம வேர்வையைத்தான் காய வைக்கும். நம்ம ஊர்க் காத்துல ஏற்கெனவே ஈரம், வேர்வை லேசுல காயாது. அதனால வேகம் வேணும். ஆள் இல்லாத ரூம்ல சுத்துறதுதான் தண்டம். எங்க வீட்டுல அடுப்படிக்குப் போனாலும் ஹால் ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கும், கேட்டா "ரூம் குளிரட்டும்"பாங்க! மோட்டார் சூட்டுல ரூம் இன்னும் சூடாகத்தான் செய்யும். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல ஜன்னலைத் திறந்துட்டு ரெண்டுல வைங்க, போதும்.

தொண்டி_வயர்மேன்:
அஞ்சுதான் வேணும்னா பிஎல்டிசி வாங்குங்க, அது கரண்ட் கம்மியா இழுக்கிற எலக்ட்ரானிக் மோட்டார் ஃபேன். சாதா ஃபேன் 75 வாட், ராத்திரி 10 மணி நேரத்துக்கு முக்கால் யூனிட், ரெண்டு மாசத்துக்கு 45. பிஎல்டிசி 30 வாட்தான், 18 யூனிட்ல முடிஞ்சிரும்.

கீழக்கரை_காக்கா:
வாங்கினேனே. ரெண்டாவது வருஷமே உப்புக்காத்துல உள்ள இருக்கிற போர்டு பூத்துப் போச்சு. விற்ற கடையில "போர்டு வரல"ன்னு நாலு மாசம் அலைய விட்டாங்க. சாதா ஃபேன்னா கண்டென்சர் மாத்தி, காயில் கட்டி ஓட்டிரலாம்.

தொண்டி_வயர்மேன்:
அதை மறுக்க மாட்டேன். கடலைப் பார்த்த ரூம்னா நானே யோசிப்பேன்.

மண்டபம்_வாடை:
இப்பதான் தொட்டுப் பார்த்தேன். டப்பாதான், நல்லா சுடுது. அம்மாகிட்ட யார் சொல்றது?