சட்டக் கல்லூரியில எத்திக்ஸ் (வக்கீல் தொழில் நெறிமுறை) பேப்பர் படிக்கும்போது இன்னும் உறுத்துற மாதிரி ஏதாவது நடந்ததா?

மூணாம் வருஷம்:
வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) முந்தின வாரம், சீனியர் ஆபீஸ்ல உக்காந்து பார் கவுன்சில் ரூல்ஸ் ஓட்டிட்டு இருந்தேன். விதி 20. வழக்கு முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக் கூடாது, வர்ற பணத்துல பங்கும் கேட்கக் கூடாது. அதுக்கு அடிக்கோடு போட்டுட்டு இருக்கும்போதே எம்.சி.ஓ.பி. (வாகன விபத்து இழப்பீடு) கேஸுக்கு ஒரு அம்மா வந்தாங்க. லாரி மோதி வீட்டுக்காரர் போயிட்டார். குமாஸ்தா, "வர்றதுல இருபது பர்சன்ட்மா, இப்ப ஒண்ணும் தர வேணாம்"னார். அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. அந்தக் கும்பிடுதான் மனசுலயே நிக்குது. வைவாவுல எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) கேட்டதும் அதே விதி. கடகடன்னு ஒப்பிச்சேன், ஃபுல் மார்க்.

கேஸ் கட்டு:
இதுல உறுத்த என்ன இருக்கு? கையில காசில்லாதவங்க வேற எப்படி கேஸ் போடுவாங்க?

என் கதை வேற. பெரியப்பாவோட நிலத் தகராறு. வக்கீலை மாத்தணும்னதும், "ஃபீஸ் பாக்கியைக் கொடுத்துட்டு கேஸ் கட்டை எடுத்துட்டுப் போங்க"ன்னுட்டார். நான் அப்போ படிச்சிட்டு இருந்தது ஆர்.டி. சக்சேனா வழக்கு, 2000. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடிச்சு வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லைன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். பெரியப்பா நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டு, நேராப் போய்ப் பணத்தைக் கட்டிட்டு வந்தார். "நாளைக்கும் அதே கோர்ட்டுக்குத்தானேப்பா போகணும்"கறார்.

பழைய கறுப்பு கோட்:
எங்க பேட்ச்ல எல்லாருக்கும் ஃபுல் மார்க்தான் தம்பி, அதை விடுங்க. அடுத்து எழுதப் போறவங்களுக்குச் சொல்றேன். வக்கீல்கள் சட்டம் 35-ஆவது பிரிவை மனப்பாடம் பண்ணுங்க, தப்பு பண்ணின வக்கீலுக்கான தண்டனை: கண்டிப்பு, சஸ்பென்ஷன், பேரையே எடுத்துடறது. அப்பீல் 37-ல பி.சி.ஐ. (இந்திய பார் கவுன்சில்), 38-ல உச்ச நீதிமன்றம், ரெண்டுக்கும் 60 நாள். நீதிமன்ற அவமதிப்புக்காக உச்ச நீதிமன்றமே ஒரு வக்கீலை சஸ்பெண்ட் பண்ணின வினய் சந்திர மிஸ்ரா வழக்கோட நிறுத்திடாதீங்க. அவமதிப்பு அதிகாரத்தை வெச்சு வக்கீல் லைசென்ஸைப் பறிக்க முடியாதுன்னு 1998-ல வந்த தீர்ப்பையும் சேர்த்து எழுதணும். அப்புறம் நம்ம தமிழ்நாட்டு ரங்கதுரை வழக்கு. கட்சிக்காரரை ஏமாத்தின வக்கீலுக்கு ஸ்டேட் பார் கவுன்சில் போட்ட ஆறு வருஷ சஸ்பென்ஷனை பி.சி.ஐ. ஒரு வருஷமாக் குறைச்சது. உச்ச நீதிமன்றத்துல நீதிபதி கிருஷ்ணய்யர் அவரை இலவச சட்ட உதவி வேலை பார்க்கச் சொன்னார். கூட இருந்த நீதிபதி ஏ.பி. சென் அதுக்கு ஒத்துக்கலை. அந்த மாறுபட்ட தீர்ப்பைச் சொன்னா எக்ஸ்டர்னல் நிமிர்ந்து பார்ப்பார். கையெழுத்து முக்கியம். மார்ஜின் விடுங்க.

மூணாம் வருஷம்:
சார், நான் டிப்ஸ் கேட்கலையே. பரீட்சைதான் முடிஞ்சு போச்சே.

கேஸ் கட்டு, வேற எப்படி கேஸ் போடுவாங்கன்னு கேட்டீங்க. பெண்களுக்கு வருமானமே பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டம், 12-ஆவது பிரிவு. அதுவும் நம்ம சிலபஸ்தான். அந்த ரூம்ல இருந்த யாரும் அவங்ககிட்ட அதைச் சொல்லலை.

கேஸ் கட்டு:
சட்ட உதவி வக்கீலை நியமிச்சாங்க, சரி. அவர் எத்தனை வாய்தாவுக்கு வந்தார்னு எங்க அத்தையைக் கேளுங்க. சாயங்காலம் அதை எழுதறேன்.