என்எஃப்எஸ் பகிர்வு கிடைக்கிறதா என்று ஸ்கிரிப்ட் தொங்காமல் பார்ப்பது எப்படி?

கேள்வி
வணக்கம். லினக்ஸில் ஒரு என்எஃப்எஸ் பகிர்வை (நெட்வொர்க் வழியே கிடைக்கும் சர்வர் ஃபோல்டர்) மவுண்ட் செய்து, அதாவது நம் கணினியின் ஒரு ஃபோல்டரோடு இணைத்து, இரவில் ஸ்கிரிப்ட் மூலம் பேக்கப் எடுக்கிறோம். நகலெடுக்கும் முன் ஸ்கிரிப்ட் எல்எஸ் கட்டளை கொடுத்து ஃபோல்டரைப் பார்க்கிறது. சர்வர் விழுந்திருந்தால் ஸ்கிரிப்ட் அந்த வரியிலேயே நின்றுவிடுகிறது. பிழைச் செய்தியும் வருவதில்லை. டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கொடுத்தாலும் அதே கதைதான். முதலில் பிங் செய்து பார்த்தால் போதுமா?

பதில்
போதாதுங்க. என்எஃப்எஸ் சேவை நின்றுபோயிருந்தாலும் பிங்குக்குப் பதில் வரும். போர்ட்டைச் சோதிக்கும் என்சி கட்டளை கொண்டு என்எஃப்எஸ்ஸின் 2049 போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், மவுண்ட் ஆகியிருக்கிறதா என்பதை /ப்ராக்/மவுண்ட்ஸ் கோப்பில் கிரெப் செய்தால் (தேடினால்) தெரியும். லினக்ஸின் மையமான கெர்னல் தன்னிடம் உள்ள பட்டியலைத்தான் அதில் காட்டுகிறது, சர்வரைத் தொடுவதில்லை, அதனால் தொங்காது. இதை விட்டுவிடாதீர்கள்: மவுண்ட் ஆகாத நேரத்தில் பேக்கப் ஓடினால், எல்லாம் அந்தக் காலி ஃபோல்டருக்குள் போய் உள்ளூர் டிஸ்க்கை நிரப்பிவிடும்.

கேள்வி கேட்டவர்
நன்றி. ஆனால் சர்வர் விழுந்த பிறகும் பட்டியலில் பகிர்வு இருக்கிறதே?

இன்னொரு பதில்
இருக்கத்தான் செய்யும். என்எஃப்எஸ் இயல்பாகவே 'ஹார்டு' மவுண்ட். சர்வர் திரும்பி வரும்வரை விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். எல்எஸ் நிற்பதும் அதனால்தான். எனவே டைம்அவுட் மூலம் கெடு வைத்து, பகிர்வின் நிலையைக் காட்டும் ஸ்டாட் கொண்டு தொட்டுப் பாருங்கள்:

டைம்அவுட் -எஸ் கில் 5 ஸ்டாட் -எஃப் /பகிர்வு/பாதை

5 விநாடிக்குள் பதில் வந்தால் வெளியேறும் குறியீடு 0. வராவிட்டால் கில் சிக்னல் (கட்டாயமாக நிறுத்தும் ஆணை) போய் 137 கிடைக்கும். கெர்னல் 2.6.25 முதல் என்எஃப்எஸ்ஸுக்காகக் காத்திருக்கும் வேலையைக் கில் சிக்னலால் நிறுத்த முடியும். 0 தவிர வேறு எது வந்தாலும் பேக்கப்பைத் தொடங்க வேண்டாம்.

'சாஃப்ட்' (சில முயற்சிகளுக்குப் பின் பிழை தந்து கைவிடும் மவுண்ட்) என்று மாற்றிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். எழுதும் பகிர்வுக்கு அது வேண்டவே வேண்டாம். பாதியில் நேரம் கடந்தால் கோப்பு சத்தமில்லாமல் சிதையலாம்.

கேள்வி கேட்டவர்
சர்வரை நிறுத்தி வைத்துச் சோதித்தேன். 137 வந்தது, ஸ்கிரிப்ட் ஒழுங்காக வெளியேறியது. மிக்க நன்றி! 0 வந்தால் எழுதவும் முடியும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

இன்னொரு பதில்
கூடாது. பகிர்வு படிக்க மட்டும் என்று இருக்கலாம். ரூட்டாக (நிர்வாகியாக) ஓட்டினால் சர்வரின் ரூட் ஸ்குவாஷ் (ரூட்டைச் சாதாரணப் பயனராக மாற்றும் அமைப்பு) தடுக்கலாம். அதே டைம்அவுட்டுடன் டச் கொடுத்து ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கிப் பாருங்கள். முடிந்ததும் அதை அழித்துவிடுங்கள்.